மாத்திரைக்கு முறை வைத்த மீனவர்

ஒரு பிழையை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் இந்த வாரம் மற்றதைப் பேச வேண்டும். கடந்த மார்கழியில், ஒரு மனிதரின் கால் வலியைப் பக்தி என்று எண்ணி, ஊர் கூடியிருந்த இடத்தில் மைக் பிடித்துப் புகழ்ந்துவிட்டேன்.

எப்படி நேர்ந்தது? சொல்கிறேன்.

ஆண்டுதோறும் மார்கழி பிறந்தால் மீஞ்சூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போய்விடுவது என் வழக்கம். விடியற்காலையில் வீதி பஜனை. ஏரிக்கரைக் குப்பத்து மீனவர்கள் இருபது பேர் வருவார்கள். பாசுரம் சொல்லிக்கொடுப்பதும், முன்னே நடந்து முதலடி எடுத்துக்கொடுப்பதும் என் பணி. அவர்களுக்குச் சந்தி பிரித்துப் பாட வராது. ஆனால் குரல் வரும். காற்றை எதிர்த்துப் படகுக்குப் படகு கூப்பிட்டுப் பழகிய குரல் அது. அந்தக் குரலில் இறைவன் பெயரைக் கேட்டால், எத்தனை இலக்கணம் படித்து என்ன பயன் என்று தோன்றும்.

அவர்களில் தாளம் போடுகிறவர் முனிரத்தினம். அறுபதை நெருங்கும் வயது. மெலிந்த, உறுதியான உடம்பு. வாய் திறந்தால் கேலி. தாளத்தைக் கையில் எடுத்தால் மௌனம்.

எங்கள் பஜனை ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வழியாகப் போகும். அதன் வாயிலில் இருபுறமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருப்பார்கள். பழவேற்காட்டில் வணிகம் செய்து, இங்கேயே மண்ணாகிப்போன டச்சுக்காரர்களின் இறுதி இருப்பிடம். ஒவ்வொரு நாளும், சரியாக அந்த வாயில் வந்ததும், முனிரத்தினம் நின்றுவிடுவார். தாளம் நிற்கும். கண்கள் மூடும். இரண்டு நிமிடம். பிறகு ஒன்றும் நடவாததுபோல் வந்து கலந்துகொள்வார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. வைகுண்ட ஏகாதசியன்று கோயில் மண்டபத்தில் பேசும்போது சொல்லியே விட்டேன். “கடல் கடந்து வந்து இறந்தவர்களின் எலும்பிலும் இறைவனைக் காண்கிறார் நம் முனிரத்தினம். நிலையாமையை நான் ஏட்டில் படித்தேன். அவர் நின்று படிக்கிறார்.”

கைதட்டல்! முனிரத்தினம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அதையும் அடக்கம் என்று எண்ணி ஒரு வாக்கியம் கூடுதலாகப் புகழ்ந்தேன்.

மறுநாளிலிருந்து பஜனைக் குழு முழுவதும் அந்த வாயிலில் நின்று கண்ணை மூட ஆரம்பித்துவிட்டது. ஊர் பார்க்க வந்த இரண்டு பேர் அதைப் படம்கூட எடுத்தார்கள். ஒரு புதிய சம்பிரதாயமே பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அதை உடைத்தவள் ஜெயந்தி.

ஜெயந்தி, வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து, மாதாமாதம் மாத்திரை கொடுத்துவரும் பெண். ஆந்திர எல்லையோரம் சுண்ணாம்புக்குளம் அவள் ஊர். பேச்சில் தெலுங்கு எட்டிப் பார்க்கும். வேலைக்குப் போகுமுன் ஒரு நாள் எங்களோடு பஜனையில் நடந்தாள். கோயிலுக்குத் திரும்பியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஐயா, கல்லறையில நின்னாரு, சரி... பக்தி. ஐஸ் கம்பெனி வாசல்ல எதுக்கு நின்னாரு?”

“அங்கும் நின்றாரா?”

“வேட்டி கட்டற மாதிரி நின்னாரு. அப்பறம் ரேஷன் கடையாண்ட. அங்க தொண்டையைக் கனைச்சிக்கினு நின்னாரு. அப்பறம் தேர் கொட்டகை. நாலும் ஏறக்குறைய ஒரே தூரம் ஐயா. நான் அடி எண்ணிக்கினே வந்தேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்திருந்தது. குறிப்பிட்ட தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து வலிக்கும். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். மறுபடி அதே தூரம் நடந்தால் மறுபடி பிடிக்கும். அது மூட்டு வலியில்லை, களைப்புமில்லை. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் குறுகியிருக்கலாம் என்பதற்கான அறிகுறி. அதிலும் முனிரத்தினம் எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி.

நேரே அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி கன்னியம்மா வாசலில் இறால் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“நைனா, காலை நீட்டு” என்றாள் ஜெயந்தி.

“இன்னாத்துக்கு? பொம்பளப் புள்ள வந்து காலைப் புடிக்கறதா? போம்மா.”

“புடிக்கல, தொடறேன். நீட்டு.”

அவர் நீட்டினார். அவள் இரண்டு விரல்களைப் பாதத்தின் மேற்புறத்தில் வைத்துத் தேடினாள். இடது காலில் உடனே கண்டுவிட்டாள். வலது காலில் விரல்கள் நகர்ந்துகொண்டே இருந்தன... கணுக்காலின் உட்புறம் போயின... திரும்பி வந்தன. மணிக்கட்டில் துடிப்பதுபோல் பாதத்திலும் ஒரு நாடி துடிக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முனிரத்தினத்தின் வலது பாதத்தில் அது அகப்படவில்லை.

அப்போதுதான் சுண்டுவிரலைப் பார்த்தோம். ஏரியில் கிளிஞ்சல் கிழித்த காயம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியிருந்தார். பூச்சின் ஓரத்தில் விரல் கறுத்திருந்தது.

“எப்போ பட்டது?”

“கார்த்திகைல. வலியே இல்லம்மா, உட்ரு.”

“வலி இல்லாததுதான் நைனா பேஜாரு” என்றாள் அவள். சர்க்கரை நரம்பையும் கெடுத்திருக்கிறது. காயம் பட்டதைச் சொல்ல வேண்டிய நரம்பு வாய்மூடிவிட்டது. காயத்தை ஆற்ற வேண்டிய ரத்தமோ வந்து சேரவில்லை.

“மாத்திரை தவறாம சாப்டறீங்கதானே?”

“தவறினதே இல்ல” என்றார் முனிரத்தினம், கொஞ்சம் பெருமையாகவே. “முறை வெச்சி சாப்டறோம்.”

“இன்னா முறை?”

அங்கேதான் கதையின் முடிச்சு. பழவேற்காடு ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் சிலவே. எல்லாரும் எல்லா நாளும் அங்கே வலை கட்டினால் ஏரியும் தாங்காது, ஊரும் தாங்காது. ஆகவே சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்னார் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். என் பாடு வராத நாளில் அந்த இடத்துக்கு நான் போகமாட்டேன். உன் பாட்டில் நான் குறுக்கிடமாட்டேன். காவலர் இல்லை, வேலி இல்லை. தண்ணீரின் மேல் கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தலைமுறை தலைமுறையாக மதித்து வாழும் மக்கள் இவர்கள். நிலத்தில் கல் நட்டு வைத்தும் சண்டை போடுகிறவர்கள் நாம்... எத்தனை பெரிய ஒழுக்கம் இது!

அந்த ஒழுக்கத்தை முனிரத்தினம் மாத்திரைக்கும் பொருத்திவிட்டார்.

கணவன், மனைவி இருவருக்கும் சர்க்கரை. இருவருக்கும் தனித்தனியே மாத்திரை வருகிறது. அவர் என்ன செய்தார்? ஒரு நாள் தாம், மறுநாள் மனைவி என்று பாடு வைத்தார். “தினம் ஒரே எடத்துல வலை கட்னா ஏரி வத்திப் பூடும் சாமி. ஒடம்பும் அப்டித்தானே? ஒரு நாள் மாத்திரை வேலை செய்யட்டும், ஒரு நாள் ஒடம்பு ரெஸ்ட் எடுக்கட்டும்னு வெச்சேன்.”

கன்னியம்மா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து ஜெயந்தியின் முன் வைத்தார். திறந்தால் மாத்திரை அட்டைகள். மிஞ்சியவை. “நான் அப்பவே சொன்னேன். ஏரிக்கே லீவு உட்ற ஆளு, என் பேச்சைக் கேப்பாரா? எனக்கு நேத்து பாடு. இன்னிக்கு அவருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. விரலைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ஜெயந்தி சிரிக்கவே இல்லை. “நைனா, நீ ரெஸ்ட் குடுத்தது ஒடம்புக்கு இல்ல. மாத்திரைக்கு. சர்க்கரை லீவே எடுக்கல. அது தினமும் வந்து வலை கட்டிக்கினுதான் இருந்திச்சி.”

முனிரத்தினம் டின்னிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

அவருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லலாம் என்று நான் முந்திக்கொண்டேன். சொற்பொழிவு செய்து பழகிய வாய் அல்லவா? “முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொள்கிறதே முனிரத்தினம், அதுபோல் சர்க்கரை போய் ரத்தக்குழாயை அடைத்துக்கொள்கிறது” என்றேன்.

“மணல் மாதிரி இல்லை ஐயா” என்று தடுத்தாள் ஜெயந்தி. சர்க்கரை எங்கும் படிந்து அடைப்பதில்லையாம். ரத்தக்குழாயின் உட்புறத்தில் வழுவழுப்பான மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் சர்க்கரை மிகுந்தே இருந்தால் அந்தப் படலம் நலிந்துபோகிறது. நலிந்த இடத்தில் கொழுப்பு புகுந்து தங்குகிறது. அங்கே அழற்சி உண்டாகிறது. சுவர் தடித்து விறைக்கிறது. தேவைப்படும்போது விரிந்து கொடுக்கும் தன்மையையும் குழாய் இழந்துவிடுகிறது. உட்கார்ந்திருக்கும் காலுக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். நடக்கிற காலுக்கு அதிகம் வேண்டும். குறுகிய குழாய் எங்கிருந்து கொடுக்கும்? தசை வலிக்கிறது. நின்றால் தேவை குறைகிறது, வலி போகிறது.

முனிரத்தினம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “புது வலை தண்ணில வழுக்கிக்கினு போவும்மா. வெயில்ல காஞ்சி, உப்புல ஊறி, நூலு சொரசொரன்னு ஆயிட்டா பாசி வந்து புடிச்சிக்கும். அப்பறம் கண்ணு கண்ணா அடைஞ்சி, தண்ணியே ஓடாது. அதானே?”

“அதேதான் நைனா.”

“அப்போ பாசி வந்து கெடுக்கல. மொதல்ல நூலு கெட்டுச்சி.”

ஜெயந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்துவாரத்தை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நாற்பது ஆண்டுகளாக உவமை சொல்லிப் பிழைத்தவன் நான். பொருளை அறிந்தவன் வாயில் உவமை எப்படி வந்து அமர்கிறது, பார்த்தீர்களா?

“இன்னிக்கே மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்” என்றாள் ஜெயந்தி. “இந்தக் கறுப்பு மேல ஏறிச்சின்னா விரலோட நிக்காது. காலை எடுக்க வேண்டி வரும்.”

“மூணு நாள் கழிச்சிப் போறேன். நாளன்னிக்கு என் பாடு.”

ஆண்டு முழுவதும் காத்திருந்து வருகிற நல்ல நாட்களில் ஒன்று அது. நெஞ்சளவு நீரில் சேற்றில் கால் ஊன்றி நின்று, வலை கட்டக் கழி நட வேண்டும். இறாலை ஆய்ந்துகொண்டிருந்த கன்னியம்மா கையை உதறிவிட்டு எழுந்தார். “காலை ஆஸ்பத்திரில வுட்டுட்டு வந்தா, எத்த ஊனிக்கினு நிப்ப? அடுத்த பாட்டுக்கு உன்னைத் தோள்ல தூக்கிக்கினு போவனா நான்? எழுந்திரிய்யா.”

அவர் எழுந்துவிட்டார். கிளம்பும்போது நான் கேட்டேன். “இத்தனை நாள் வலியென்று ஏன் சொல்லவில்லை, முனிரத்தினம்?”

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, என் முகத்தைப் பாராமல் சொன்னார். “சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க அத்தினி பேர் முன்னால பக்தின்னு சொல்லிட்டீங்க சாமி. அதுக்கப்பறம் கால் வலின்னு சொன்னா, உங்க பேச்சு பொய்யாப் பூடாது?”

என் சொல் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகத் தம் காலைப் பணயம் வைத்திருக்கிறார் அந்த மனிதர். நான் புகழ்ந்த பக்தி அவரிடம் இருந்தது. நான் கண்ட இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

சென்னை மருத்துவமனையில் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். தொடைக்குழாயில் அடைப்பு. சிறு துளை வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, பலூனை விரித்து, வழியைத் திறப்பதாகச் சொன்னார்கள். விரல் பிழைக்காது. கால் பிழைக்குமா என்பது ரத்தம் இறங்குவதைப் பொறுத்தது.

வராந்தாவில் நானும் கன்னியம்மாவும். எனக்குத் தெரிந்த பாசுரங்களையெல்லாம் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. மனம் ஒரு கணுக்காலைச் சுற்றியே நின்றது. உடம்பு நிலையற்றது என்று பாடாத அடியார் இல்லை. ஆனால் அந்த அடியார்கள் ஊர் ஊராக, தலம் தலமாக நடந்தல்லவா பாடினார்கள்? நிலையாமையைப் பாடப் போவதற்கும் இரண்டு கால் வேண்டியிருக்கிறதே!

“சாமி, உங்க பெருமாள் காலை இன்னான்னு பாடுவீங்க?” என்று திடீரென்று கேட்டார் கன்னியம்மா.

“திருவடி என்போம்.”

“அவருக்கு மட்டும்தான் அப்டி சொல்லுவீங்களா?”



கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வெளியே வந்தார். இளைஞர். களைத்திருந்தார். “ரத்தம் இறங்கிடுச்சும்மா. பாதம் சூடா இருக்கு. சுண்டுவிரலை எடுத்தாச்சு. கால் தப்பிச்சது.” பிறகு எச்சரித்தார். கால் முதலில் சொல்லியிருக்கிறது. இதே பழுது இதயத்தின் குழாயிலும் மூளையின் குழாயிலும் இருக்கக்கூடும். சர்க்கரைக்கு, கொழுப்புக்கு, ரத்தம் உறையாமலிருக்க, அழுத்தத்துக்கு என்று எல்லா மாத்திரையும் தினமும். முனிரத்தினம் பிடித்துவந்த பீடி இனிக் கூடவே கூடாது. புண் ஆறியபின் தினமும் நடக்க வேண்டும். வலி வந்தால் நின்று, விட்டதும் மறுபடி நடக்க வேண்டும்.

முனிரத்தினத்தின் மீது எனக்கு மதிப்பு இன்னும் உயர்ந்தது இதற்குப் பிறகுதான். பிழையை உணர்ந்தவர்கள் பலர். பிழையைத் திருத்திக்கொண்டவர்கள் சிலர். அதை ஊரறியச் சொல்லிக்கொண்டு திரிந்தவரை நான் அதற்குமுன் கண்டதில்லை. பீடி கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் தம் கதையைச் சொன்னார். டீக்கடையில் சொன்னார். மீன் ஏலக் கூடத்தில் சொன்னார். “நான் மாத்திரைக்குப் பாடு வெச்ச முட்டாள்” என்று தொடங்குவாராம்.

கேட்டுச் சிரித்தவர்களில் பாதிப் பேர் சிரிப்பை நடுவில் நிறுத்தினார்களாம். ஏன்? அவர்கள் வீட்டிலும் அதே முறை நடந்துகொண்டிருந்தது.

சித்திரையில் அவ்வாண்டுப் பாடு முறைக்குச் சீட்டுக் குலுக்கும் நாள் வந்தது. வலை உரிமையுள்ள அத்தனை ஆண்களும் தவறாமல் கூடும் நாள் அது. கிராமத் தலைவர்கள் ஒரு முடிவு செய்தார்கள். ஜெயந்தி வந்து உட்காருவாள்; ஒவ்வொருவரும் அவளிடம் பாதத்தைக் காட்டிவிட்டுத்தான் சீட்டு எடுக்க வேண்டும். என்னையும் அழைத்திருந்தார்கள்.

ஜெயந்தி பாயை விரித்து உட்கார்ந்தாள். ஒருவரும் முன்வரவில்லை. வெடித்த பாதம், சேறேறிய நகம், ஒரு பெண் தொடுவதா என்ற கூச்சம்... எல்லாரும் எல்லாருக்கும் பின்னால் நின்றார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனிரத்தினம் வந்தார். செருப்பைக் கழற்றினார். நான்கு விரல்கள் உள்ள பாதத்தை எடுத்துப் பாயின் மேல் வைத்தார்.

“இன்னா மாமா, ஒண்ணு குறையுது?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். கன்னியம்மாவின் தம்பி ஏழுமலை.

சிரிப்பு எழுந்தது. முனிரத்தினமும் சிரித்தார். “ஒண்ணுதான்டா மச்சான் குறையுது. ஒம்பது கீது. உன்னுது எத்தினி நாளைக்குப் பத்தா இருக்கும்னு இந்தப் பொண்ணைக் கேளு. வா, வந்து உக்காரு.”

ஏழுமலை வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வரிசை தானாகவே நீண்டது. அன்று சீட்டுக் குலுக்கச் சாயங்காலமாகிவிட்டது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

ஏழுமலையின் இடது பாதத்தில் நாடி மெலிந்திருந்தது. புண் ஏதும் இல்லை. காலம் இருக்கிறது என்றாள் ஜெயந்தி. மறுநாளே அவரைச் சென்னைக்கு அழைத்துப்போனவர் முனிரத்தினம். பஸ்ஸில் இருக்கை காலியாக இருந்தும், பழவேற்காட்டிலிருந்து சென்னை வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாராம். திரும்பி வந்தவரிடம் ஏன் என்று கேட்டேன்.

“ரெண்டு கால்லயும் நிக்க முடியுதே, சாமி” என்றார்.